வீட்டுக்குள் திறக்கிறது, கோவையில் திறக்கவில்லை: அரவேணு மழைமானி சர்வர்

தவிட்டுப்பழம் | 17 அக்டோபர் 2024, இரவு 8.50

கோத்தகிரிக்குக் கீழே அரவேணு பக்கம் வீடு. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி, 2 ஜிபி, இயங்குதளம் பழைய புல்ஸ்ஐ. மழைமானியும் வெப்பமானியும் அதில் மாட்டி, என்ஜின்எக்ஸ் என்ற இணையப் பக்க நிரல் வைத்து ஒரு சின்னப் பக்கம் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை இறங்கும் நேரம். சுற்றுவட்டத்துத் தேயிலைக்காரர்கள் உரம் வைக்கலாமா, மருந்தடிக்கலாமா என்று இதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பையின் முகவரி 192.168.0.50. ரூட்டரில் 80, 443 (இணையப் பக்கம்), 22 (தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்) என்ற மூன்று போர்ட்டையும், அதாவது வாசலையும், அதற்குத் திருப்பிவிட்டேன். வீட்டு இணைய முகவரிக்குப் பெயர் தரும் டக்டிஎன்எஸ்ஸில் பெயரும் வாங்கியாயிற்று. வீட்டு வைஃபையில் 192.168.0.50 என்று தட்டினால் பக்கம் வருகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை பெயரைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. ரூட்டரில் போர்ட் திருப்பும் வசதி பழுது என்று நினைக்கிறேன். புதிய ரூட்டர் எது வாங்கலாம், அண்ணா?

சில்வர்ஓக் | 17 அக்டோபர் 2024, இரவு 9.35

ரூட்டர் வாங்காதீர்கள். பாக்கெட் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) எந்த இடத்தில் சாகிறது என்று தெரியும்வரை ஒரு அமைப்பையும் மாற்றவும் வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் நாளைக்கு எது பழைய கோளாறு, எது நாம் உண்டாக்கியது என்று பிரிக்க முடியாது.

கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பையில், எந்தப் போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு கொடிகளோடு, நிர்வாகி உரிமைக்கு சுடோ போட்டு ஓட்டுங்கள். 80க்கு எதிரே 0.0.0.0 என்று இருந்தால் எல்லாப் பக்கமும் கேட்கிறது. 127.0.0.1 என்று இருந்தால் தனக்குத்தானே மட்டும் பேசுகிறது. உங்களுக்கு வைஃபையில் திறப்பதால் இது சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் 443ஐயும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது வெளியிலிருந்து சோதனை. வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு கைப்பேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே டக்டிஎன்எஸ் பெயரைத் தட்டிச் சோதிப்பது கணக்கில் சேராது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரியைத் தொட்டு மறுபடி உள்ளேயே திரும்பும் பாக்கெட்டைப் பல ரூட்டர்கள் கையாளுவதில்லை. வெளியூர்க்காரருக்கு நன்றாகத் திறந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரருக்குத் திறக்காமல் போவது இதனால்தான்.

கைப்பேசியில் திறக்கும் அதே நேரம் பையில், வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடட்டும். இடைமுகம் ஈத்0, போர்ட் 80, பெயர் தேடாமலிருக்க என் கொடி. மூன்று விதமாக விடை வரும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் பாக்கெட் பையையே எட்டவில்லை, கோளாறு வெளியே. இணைப்புக் கேட்கும் சின் பாக்கெட் வந்து பதில் கிளம்பவில்லை என்றால் பையின் ஃபயர்வால். பதில் கிளம்பியும் எதிர்முனை மறுபடி மறுபடி சின் அனுப்பினால் திரும்பும் வழி கோணல், பெரும்பாலும் பையில் குறித்த கேட்வே (வெளியே போகும் வாசலான ரூட்டர்) முகவரி தப்பு.

கடைசியாக, ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பார்த்து முதல் இரண்டு எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். முழு முகவரி வேண்டாம்.

சில்வர்ஓக் | 17 அக்டோபர் 2024, இரவு 9.50

ஒன்று விட்டுப்போயிற்று. 22ஐ அப்படியே வெளியே திறந்து வைத்திருக்கிறீர்கள். இப்போதைக்கு அந்தத் திருப்பலை எடுத்துவிடுங்கள். பை என்ற பயனர் பெயரும் லேசான கடவுச்சொல்லும் இருந்தால், வழி திறந்த அன்றைக்கே யாராவது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

தவிட்டுப்பழம் | 18 அக்டோபர் 2024, காலை 7.10

எஸ்எஸ்ஸில் 0.0.0.0:80, 0.0.0.0:443 இரண்டும் இருக்கின்றன. டிசிபிடம்பில் ஒரு வரிகூட வரவில்லை. ரூட்டரின் வேன் ஐபி 192.168 என்று ஆரம்பிக்கிறது. 22ஐ எடுத்துவிட்டேன்.

சில்வர்ஓக் | 18 அக்டோபர் 2024, காலை 7.40

வேன் பக்கமே 192.168 என்றால் உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கிறது. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிதான் அது. இரண்டு கதவு, இரண்டு பூட்டு. நீங்கள் உள்கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

ஓஎன்டியின் உள்பக்கத்துக்குப் போய் அதன் வேன் ஐபியைப் பாருங்கள். பிறகு கூகுளில் என் ஐபி என்ன என்று தேடி, அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் வேலை சுலபம்: ஓஎன்டியை, தான் ரூட்டராக நிற்காமல் பாக்கெட்டைக் கடத்தி மட்டும் விடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றலாம், அல்லது அதிலும் போர்ட்டைத் திருப்பலாம். இரண்டும் வேறானால் எந்த ரூட்டர் வாங்கினாலும் பயனில்லை.

தவிட்டுப்பழம் | 18 அக்டோபர் 2024, காலை 8.05

ஓஎன்டியில் 100.71 என்று ஆரம்பிக்கிறது. கூகுள் காட்டுவது முற்றிலும் வேறு எண்.

சில்வர்ஓக் | 18 அக்டோபர் 2024, மதியம் 1.20

அதுதான் கோளாறு. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள 2012இல் ஒதுக்கிவைக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசியப் பகுதியின் பதிவகம் அதே ஏப்ரலில் கடைசிக் கட்டுக்கு வந்து, அதற்குப் பிறகு அளந்து அளந்துதான் கொடுத்தது. அதனால் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். இதைத்தான் சிஜிநாட் என்பார்கள். உள்ளிருந்து வெளியே போவதற்கு எந்தத் தடையும் இல்லை. வெளியிலிருந்து வரும் பாக்கெட் நிறுவனத்தின் பெட்டிவரை வந்து, எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் விழுந்துவிடுகிறது. உங்கள் ரூட்டருக்கு அது வரவேயில்லை. ரூட்டரில் ஒரு பழுதும் இல்லை.

வழிகள் நான்கு. இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்கலாம். மாதக் கட்டணம் உண்டு, வீட்டு இணைப்புக்குச் சில நிறுவனங்கள் தருவதில்லை. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதன் வழியாகத் திறக்கலாம். வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, பையிலிருந்து அதற்கு டனல், அதாவது தனிப்பாதை, போடலாம். அல்லது டனலை ஆயத்தமாகத் தரும் சேவையில் சேரலாம். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். நாளைக்கு இணைப்பை மாற்றினாலும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பையை மாட்டினாலும், பெயரும் பக்கமும் அப்படியே இருக்கும்.

சில்வர்ஓக் | 18 அக்டோபர் 2024, மதியம் 1.45

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். சிஜிநாட் என்றாலே 100.64 வரிசைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 என்று ஆரம்பிக்கும் முகவரியையே கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. எண்ணின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, வேன் ஐபியும் வெளியே தெரியும் ஐபியும் ஒன்றா என்று ஒப்பிடுவதுதான் உறுதியான சோதனை.

கொடைமூடுபனி | 19 அக்டோபர் 2024, காலை 10.15

கொடைக்கானலிலிருந்து. வாடகை சர்வருக்கு எதற்குக் காசு? ஐபிவி6 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் முகவரியைப் பங்கு போடும் நாட் கிடையாது, ஒவ்வொரு சாதனத்துக்கும் வெளி முகவரி உண்டு. டக்டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரிக்கான நான்கு-ஏ பதிவும் போடலாம். நீங்கள் சுற்றுவழி சொல்கிறீர்கள்.

சில்வர்ஓக் | 19 அக்டோபர் 2024, பிற்பகல் 3.30

சரியான கேள்வி. ஐபிவி6 நல்ல வழி, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்று சிக்கல்.

பார்ப்பவரிடமும் ஐபிவி6 இருந்தாக வேண்டும். கைப்பேசி டேட்டாவில் பெரும்பாலும் இருக்கிறது. அலுவலக இணைப்பு, பழைய பிராட்பேண்ட் இவற்றில் பல இடங்களில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக் கணினியில் திறக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே போய் எதைச் சரிசெய்வது?

அடுத்து, ஓஎன்டி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் நிறுவனம் புது முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி) கொடுக்கலாம். பெயர்ப் பதிவில் பழைய முகவரி தங்கிவிட்டால் கோளாறு குழப்பமாகத் தெரியும். டனல் வழியே ஐபிவி4 பதிவும் இருந்தால், பிரவுசர்கள் ஐபிவி6இல் கிடைக்காவிட்டால் சட்டென்று ஐபிவி4க்குத் தாவிவிடும், அதனால் சிலருக்குத் திறக்கும், தானியங்கி நிரல்களுக்குத் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டும் நான்கு-ஏ பதிவு இருந்தால் முதலில் அந்த வழியைத்தான் முயல்கிறது. கூடவே, லினக்ஸ் தனியுரிமைக்காக அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். பதிவில் போட வேண்டியது மாறாத முகவரியை.

மூன்றாவது, நாட் இல்லை என்பதால் வழி திறந்திருக்கிறது என்று ஆகாது. ஓஎன்டியின் ஐபிவி6 ஃபயர்வால் உள்வரும் பாக்கெட்டைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதைத் திறக்க ஒரு வசதியும் இல்லாத பெட்டிகள் உண்டு. முழு ஃபயர்வாலையும் அணைத்துவிடும் பொத்தான் மட்டும் இருந்தால் அதை அழுத்தாதீர்கள், வீட்டிலுள்ள கேமரா, டிவி எல்லாமே வெளியே தெரியும்.

எஸ்எஸ்எச்சுக்கு ஐபிவி6, பொதுமக்கள் பார்க்கும் பக்கத்துக்கு டனல் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஒன்று விழுந்தால் மற்றொன்றில் ஏறிப் பழுது பார்க்கலாம்.

கொடைமூடுபனி | 19 அக்டோபர் 2024, மாலை 6.00

தொழிற்சாலைக் கணினி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வழியும் இருக்கட்டும்.

சில்வர்ஓக் | 20 அக்டோபர் 2024, காலை 11.00

டனலுக்கு வயர்கார்ட் என்ற நிரல். வாடகை சர்வரில் மிகச் சின்னது போதும், 512 எம்பி நினைவகம் தாராளம். மும்பை அல்லது பெங்களூரில் இடம் கிடைத்தால் எடுங்கள், வெளிநாட்டுச் சர்வரைவிட எஸ்எஸ்எச்சில் எழுத்துகள் தாமதமில்லாமல் விழும்.

இரண்டு பக்கமும் வயர்கார்ட் நிறுவி, இரண்டிலும் தனித்தனிச் சாவி உருவாக்குங்கள். தனிச்சாவி அந்தந்த இயந்திரத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பொதுச்சாவியை மட்டும் எதிர்முனைக்குக் கொடுங்கள். வாடகை சர்வருக்கு 10.8.0.1/24, கேட்கும் போர்ட் 51820. பைக்கு 10.8.0.2/24.

வாடகை சர்வரின் கோப்பில் எதிர்முனைக்கு அலவ்டு ஐபி (டனலில் போக வேண்டிய முகவரி) 10.8.0.2/32. பையின் கோப்பில் அலவ்டு ஐபி 10.8.0.1/32, எண்ட்பாயிண்டில் வாடகை சர்வரின் எண் முகவரி, பெர்சிஸ்டென்ட் கீப்பலைவ் 25. இந்த 25 வினாடி முக்கியம். சிஜிநாட் பெட்டி, வயர்கார்ட் பயன்படுத்தும் யூடிபி என்ற அனுப்பும் முறையின் இணைப்பைக் கொஞ்ச நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். பை அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்காவிட்டால் அந்த வாசல் மூடிவிடும், அதற்குப் பிறகு வெளியிலிருந்து பேச முடியாது.

வாடகை சர்வரில் என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (வருபவரின் கோரிக்கையைப் பைக்குக் கடத்தும் இடைத்தரகராக) வைத்து 10.8.0.2:80க்கு அனுப்புங்கள். சான்றிதழும் அங்கேயே எடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாளுக்குத் தருகிறது, தானாகப் புதுப்பிக்க அங்கே 80 திறந்திருக்க வேண்டும். டக்டிஎன்எஸ் பெயரை வாடகை சர்வரின் முகவரிக்கு மாற்றிவிட்டு, பையில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். நிறுத்த மறந்தால் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய முகவரியையே எழுதிக்கொண்டிருக்கும்.

டனல் வழியே போகும் எஸ்எஸ்எச்சுக்குத் தனியாக எதுவும் திறக்க வேண்டாம். தங்கை வீட்டிலிருந்து வாடகை சர்வரின் மேல் தாவி பைக்குப் போகலாம்: எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய ஜே கொடி, அதற்கு வாடகை சர்வர், இலக்கு 10.8.0.2.

தவிட்டுப்பழம் | 20 அக்டோபர் 2024, இரவு 10.20

எல்லாம் செய்தேன். டனலின் நிலையைக் காட்டும் டபிள்யூஜி ஷோவில் கைகுலுக்கிய நேரம் என்ற வரியே வரவில்லை. வாடகை சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 51820 திறந்திருக்கிறது. போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் என்சி போட்டு 51820ஐச் சோதித்தால் பதில் இல்லை.

சில்வர்ஓக் | 20 அக்டோபர் 2024, இரவு 10.35

என்சி சோதனையை விடுங்கள். வயர்கார்ட், சாவி தெரியாதவருக்கு வாயே திறக்காது. போர்ட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வெளியாளுக்கு ஒரே அமைதிதான்.

வாடகை சர்வர் கொடுத்தவரின் இணையப் பலகத்தில் இன்னொரு ஃபயர்வால் இருக்கும், அதைப் பாருங்கள். அங்கே 51820ஐ டிசிபி என்ற வேறு அனுப்பும் முறைக்குத் திறந்திருந்தால் யூடிபி என்று மாற்றுங்கள். வாடகை சர்வரில் டிசிபிடம்பை யூடிபி 51820க்கு ஓட்டினால் தெரிந்துவிடும். பாக்கெட் வந்து கைகுலுக்கல் இல்லையென்றால் சாவி மாறிப்போயிருக்கிறது. பாக்கெட்டே வராவிட்டால் பலகத்து ஃபயர்வால்.

தவிட்டுப்பழம் | 20 அக்டோபர் 2024, இரவு 10.50

டிசிபிதான் போட்டிருந்தேன். மாற்றியதும் கைகுலுக்கியது. தங்கை கைப்பேசியில் பக்கம் திறந்துவிட்டது!

தவிட்டுப்பழம் | 26 அக்டோபர் 2024, காலை 6.30

புதுச் சிக்கல். நேற்று மழையில் சாயங்காலம் கரண்ட் போய் இரவு 9 மணிக்கு வந்தது. வெளியே 504 பிழை. வீட்டுக்குள் எல்லாம் சரி. எதையும் தொடவில்லை, 9.40 வாக்கில் தானாகத் திறந்தது. செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான், அன்று 15 நிமிடத்தில் வந்துவிட்டது. ஓஎன்டி மெதுவாக எழுகிறதா?

சில்வர்ஓக் | 26 அக்டோபர் 2024, காலை 7.15

504 என்றால் வாடகை சர்வரின் என்ஜின்எக்ஸ் பையைக் கூப்பிட்டுப் பதில் வராமல் காத்திருந்து ஓய்ந்தது. 502 என்றால் பை உடனே மறுத்தது. ஆகவே டனல்தான் விழுந்திருக்கிறது. ஓஎன்டி எழுந்து ஃபைபரைப் பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகலாம். பை அதற்கு முன்பே எழுந்துவிடும். டனல் முதல் முயற்சியில் தோற்று அப்படியே நின்றிருக்கும். கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்து டனல் கிளம்பும்படி வைத்துப் பாருங்கள்.

சில்வர்ஓக் | 26 அக்டோபர் 2024, இரவு 8.40

காலையில் எழுதியது தவறு, அப்படிச் செய்ய வேண்டாம். எண்ட்பாயிண்டில் எண் முகவரி இருந்தால் வயர்கார்ட் ஓயாமல் முயன்றுகொண்டேதான் இருக்கும், ஓஎன்டி எழுந்த சில வினாடியில் கைகுலுக்கிவிடும். 15 நிமிடமும் 40 நிமிடமும் ஓஎன்டியால் வந்தவை அல்ல. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தாமதம், பிறகு தானாகச் சரியாவது, இந்த இரண்டும் வேறு ஒன்றைக் காட்டுகின்றன: கடிகாரம்.

பை 4இல் மின்கலக் கடிகாரம் கிடையாது. கடைசியாகக் கோப்பில் எழுதிவைத்த நேரத்திலிருந்துதான் எழுகிறது. உங்கள் பழைய இயங்குதளத்தில் அந்த எழுத்து இடைவெளி விட்டுத்தான் நடக்கிறது, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. சரியாக அணைத்தால் அப்போதும் எழுதும். திடீரென்று கரண்ட் போனால் எழுதாது.

வயர்கார்ட் கைகுலுக்கலில் நேரமுத்திரை ஒன்று போகிறது. பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக, எதிர்முனை கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் பிந்தியதை மட்டும்தான் ஏற்கும். பை 40 நிமிடம் பின்தங்கிய நேரத்தோடு எழுந்தால், வாடகை சர்வர் அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். பையின் கடிகாரம் ஓடி ஓடி, கரண்ட் போவதற்கு முன் கடைசியாகக் கைகுலுக்கிய நேரத்தைத் தாண்டியதும் ஏற்றுக்கொள்ளும். கரண்ட் எவ்வளவு நேரம் இல்லை என்பதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை.

ஆனால் இதில் ஒன்று இடிக்கிறது. இணையம் வந்ததும் என்டிபி (இணையத்தில் நேரம் கேட்கும் முறை) நேரத்தைச் சரிசெய்திருக்க வேண்டுமே? பையின் கோப்பில் அலவ்டு ஐபி என்ன போட்டிருக்கிறீர்கள்?

தவிட்டுப்பழம் | 26 அக்டோபர் 2024, இரவு 9.05

0.0.0.0/0 போட்டிருக்கிறேன். கைப்பேசி விபிஎன்னுக்கான ஒரு குறிப்பில் பார்த்தது. எல்லாம் டனலில் போனால் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

சில்வர்ஓக் | 26 அக்டோபர் 2024, இரவு 9.20

முடிச்சு அங்கேதான். 0.0.0.0/0 என்றால் பையின் எல்லா வெளிப் பேச்சும் டனலுக்குள். நேரம் கேட்கும் பாக்கெட்டும் டனலுக்குள். நேரம் சரியானால்தான் டனல் எழும், டனல் எழுந்தால்தான் நேரம் சரியாகும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. அடுத்த முறை இப்படி ஆகும்போது வீட்டு வைஃபையில் பைக்குள் நுழைந்து டேட் கட்டளையைத் தட்டி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வாடகை சர்வரில் அந்த எதிர்முனையை நீக்கி மறுபடி சேருங்கள், அல்லது வயர்கார்டை நிறுத்தி எழுப்புங்கள். பழைய முத்திரையின் நினைவு அழிந்துவிடும். உடனே கைகுலுக்கினால் நோய் இதுவேதான்.

தீர்வு: அலவ்டு ஐபியை 10.8.0.1/32 ஆக்குங்கள். இது மட்டுமே போதும்.

மழை அளவோடு நேரமும் பதிவாவதால் டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றும் மாட்டிவிடுங்கள். இணையம் இல்லாமல் கரண்ட் மட்டும் வந்த நேரத்து அளவுகள் தப்பான மணியில் விழாது. நான்கு கம்பி: பின் 1இல் 3.3 வோல்ட், பின் 3 எஸ்டிஏ, பின் 5 எஸ்சிஎல், பின் 9 தரை. 5 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள். கடையில் கிடைக்கும் நீலத் துண்டில் சார்ஜ் ஏற்றும் சுற்று இருக்கிறது. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத மின்கலம், 5 வோல்ட்டில் உப்பிவிடும். கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லேயை டிஎஸ்3231 என்று குறிப்பிட்டு, நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்குங்கள். புல்ஸ்ஐயில் எச்டபிள்யூகிளாக்-செட் கோப்பின் தொடக்கத்தில் சிஸ்டம்டி இருந்தால் வெளியேறு என்று வரும் மூன்று வரியையும் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

கொடைமூடுபனி | 27 அக்டோபர் 2024, காலை 9.00

புதிய இயங்குதளத்தில் நேரம் இன்னும் அடிக்கடி எழுதப்படுகிறது. அங்கே இதே தவறு இருந்தாலும் தாமதம் கண்ணில் படாது. அதையும் குறித்து வையுங்கள், பிறகு படிப்பவர்கள் தேடுவார்கள்.

என்னிடம் வேறொரு தொல்லை. இதே ஏற்பாடுதான், இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை). எழுத்து வருகிறது, கேமராப் படம் பாதியில் நின்றுவிடுகிறது.

சில்வர்ஓக் | 27 அக்டோபர் 2024, காலை 11.30

சின்னது போய்ப் பெரியது நின்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500இல் 1492தான் மிச்சம். வயர்கார்ட் தானாக வைப்பது 1420. அதை 1412 ஆக்குங்கள்.

சில்வர்ஓக் | 27 அக்டோபர் 2024, பிற்பகல் 2.10

அவசரப்பட்டு எண் கொடுத்துவிட்டேன், கணக்கைப் பார்ப்போம். வயர்கார்டின் சுமை ஐபிவி4 மேல் போனால் 60 பைட், ஐபிவி6 மேல் போனால் 80. 1420உடன் 60 சேர்த்தால் 1480, அது 1492க்குள் அடங்கும். அதனால் எண்ட்பாயிண்ட் ஐபிவி4 முகவரியானால் பிபிபிஓஇ மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஐபிவி6 முகவரியானால் 1500 ஆகிறது, 8 பைட் அதிகம். அப்போதுதான் 1412 தேவை.

உங்களுடையது எது? பிங்கைத் துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு, 1464 பைட் அளவில், டனலுக்கு வெளியே வாடகை சர்வரின் ஐபிவி4 முகவரிக்கு அனுப்புங்கள். 1464உடன் தலைப்பு 28 சேர்ந்தால் 1492. போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் அளவைக் கண்டுபிடியுங்கள். அதோடு 28 கூட்டி, 60 அல்லது 80 கழித்தால் உங்கள் எண்.

கொடைமூடுபனி | 27 அக்டோபர் 2024, இரவு 7.45

ஐபிவி6 முகவரிதான் போட்டிருந்தேன். 1412 வைத்ததும் படம் முழுதாக வருகிறது.

சில்வர்ஓக் | 2 நவம்பர் 2024, காலை 8.20

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. பையில், தப்பாகத் தட்டுபவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைத்திருந்தால் 10.8.0.1ஐ விலக்குப் பட்டியலில் போடுங்கள். ரிவர்ஸ் ப்ராக்ஸி வழியாக வரும் எல்லோரும் பைக்கு 10.8.0.1 ஆகத்தான் தெரிவார்கள். யாரோ ஒருவர் தப்பாகத் தட்டினால் அந்த முகவரி தடைபட்டு ஊருக்கே கதவு மூடும், உங்கள் எஸ்எஸ்எச்சும் சேர்த்து. தடையை வாடகை சர்வரில் வைப்பதுதான் முறை, உண்மையான முகவரி அங்கேதான் தெரியும்.

தொலைவிலிருந்து ஃபயர்வாலைத் தொடும் முன், பத்து நிமிடம் கழித்து யூஎஃப்டபிள்யூவை அணைக்கும்படி ஏட் கட்டளையில் ஒரு வேலை போட்டு வையுங்கள். நாம் வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் கதவு தானே திறக்கும். எல்லாம் சரியென்றால் அந்த வேலையை நீக்கிவிடலாம். கோவையிலிருந்து அரவேணுவுக்கு மலையேறி வந்து ஒரு வரியைத் திருத்தும் பாடு மிச்சம். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால், திறந்திருக்கும் முனையத்தை மூடாமல் இன்னொரு முனையத்தில் நுழைந்து பார்த்த பிறகே மூடுங்கள்.

தவிட்டுப்பழம் | 5 நவம்பர் 2024, இரவு 9.15

அலவ்டு ஐபி மாற்றியாயிற்று, கடிகாரமும் மாட்டியாயிற்று. இன்று கரண்ட் போய் வந்ததும் டனல் உடனே எழுந்தது, டேட் சரி. ஆனால் பக்கம் 502. பையில் என்ஜின்எக்ஸை மறுபடி கிளப்பியதும் வந்துவிட்டது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட என்ன வைக்கலாம் என்றும் சொல்லுங்கள், அண்ணா.

சில்வர்ஓக் | 5 நவம்பர் 2024, இரவு 10.00

502, அதாவது பை மறுக்கிறது. என்ஜின்எக்ஸில், எந்த முகவரியில் கேட்பது என்று சொல்லும் லிசன் வரியை 10.8.0.2:80 என்று மாற்றியிருப்பீர்கள். பை எழும்போது டனல் இடைமுகம் வருவதற்கு முன்பே என்ஜின்எக்ஸ் கிளம்பினால், அந்த முகவரி இல்லை என்று சொல்லிச் செத்துவிடும். பிழைப்பதிவில் முகவரியை ஒதுக்க முடியவில்லை என்ற வரி இருக்கும். லிசனை வெறும் 80 ஆக்கி, யார் வரலாம் என்பதை யூஎஃப்டபிள்யூவில் 10.8.0.1க்கும் வீட்டு வலைக்கும் மட்டும் அனுமதித்துக் கட்டுப்படுத்துங்கள்.

கரண்டுக்கு: ஓஎன்டி 6 வாட், ரூட்டர் 6, பை 4 என்று வைத்தால் 16 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்தில் பெயருக்கு 84 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக 42ஐ 16ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட்தானா, முனையின் நடுக்கம்பி பாசிட்டிவா என்று பார்த்து மாட்டுங்கள், 9 வோல்ட் ரூட்டர்களும் இருக்கின்றன. பைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் இறக்கி வேண்டும். மாட்டியபின் விசிஜென்கமாண்டில் கெட் த்ராட்டில்டு கேளுங்கள், விடை பூஜ்யமாக வர வேண்டும். வேறு எண் வந்தால் மின்னழுத்தம் சரிந்திருக்கக்கூடும். மெல்லிய கம்பியை முதலில் சந்தேகப்படுங்கள்.

உங்கள் இணைப்பு ஜிபான் (ஃபைபரே வீடுவரை வரும் வகை) ஆனால் வழியில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டாம், நிறுவனத்தின் முனையில் மின்சாரம் இருந்தால் போதும். கம்பத்துப் பெட்டியில் மீடியா கன்வெர்ட்டர் வைத்து அங்கிருந்து ஈத்தர்நெட் கம்பியில் தருபவர்கள் என்றால், அந்தப் பெட்டியும் அணையும். அப்போது வீட்டில் எத்தனை மின்கலம் வைத்தாலும் வெளியே போக வழியில்லை. கரண்ட் இல்லாதபோது ஓஎன்டியை மட்டும் மின்கலத்தில் போட்டு, ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள்.

சில்வர்ஓக் | 6 நவம்பர் 2024, காலை 6.50

மழைக்காலம் முடியும்வரை இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎன்டியின் ஒளி அளவுப் பக்கத்தில் பெறும் அளவு −20 டிபிஎம் சுற்றி இருந்தால் நல்லது. −27ஐ ஒட்டிப் போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியை இழுத்து மடக்கியிருக்கும், அல்லது இணைப்பானில் ஈரம் ஏறியிருக்கும். அளவு நன்றாக இருக்கும் இன்றைக்கே எண்ணைக் குறித்து வைத்தால், நாளை நிறுவனத்து ஆளிடம் நான்கு டெசிபல் இறங்கிவிட்டது என்று எண்ணோடு பேசலாம். சிவப்பு லாஸ் விளக்கு எரிந்தால் பை, டனல் எதையும் தொடாதீர்கள். ஒளியே வரவில்லை.

மழைமானியிலிருந்து பைக்கு வெளியே நீளமான செப்புக் கம்பி ஓடுகிறதென்றால், இடி வரும் மாலைகளில் அதைக் கழற்றிவிடுங்கள். பை போனால் வாங்கலாம், அதிலுள்ள அளவுகள் போனால் கிடைக்காது. எஸ்டி கார்டின் நகலை வாரம் ஒருமுறை வாடகை சர்வருக்கு அனுப்ப ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் போதும்.

தவிட்டுப்பழம் | 9 நவம்பர் 2024, மாலை 5.40

லிசன் 80 ஆக்கினேன். பெறும் அளவு −21.3, மின்கலப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டேன். மதியம் வேண்டுமென்றே மெயினை அணைத்து, மின்கலத்தையும் கழற்றி மாட்டினேன். ஓஎன்டியின் பான் விளக்கு நிலையாக எரிந்ததும் தங்கை கோவையிலிருந்து திறந்தாள், வந்தது. தொழிற்சாலை அலுவலகத்துக் கணினியிலும் திறக்கிறது. ஆர்சிங்க் இன்று இரவு போடுகிறேன்.